அம்மைக்கு ஒரு கேமரா

1

கடைக்காரர் கேட்டது என் மகளிடம்தான். "கேமரா ஆர்க்கா?" என்றார். தண்ணீருக்கு அடியில் படம் எடுக்கும் சின்ன கேமரா வேண்டும் என்று பேச்சை ஆரம்பித்தவள் அவள். இருபத்து மூன்று வயது, தோளில் பை, உப்புப் பூத்த செருப்பு. அவளுக்குத்தான் என்று அவர் நினைத்ததில் தப்பில்லை. தேன்மொழி கண்ணாடிப் பெட்டியிலிருந்து பார்வையை எடுக்காமல், "அம்மைக்கா" என்றாள். அவர் அப்போதுதான் என்னைப் பார்த்தார். பருத்திப் புடவை, மூக்குக்கண்ணாடி, கையில் காய்கறிப் பை. சிரிப்பை அடக்கிக்கொண்டார். நல்ல மனிதர்.

இதைக் கோவில்பட்டியில் இருக்கும் என் தங்கையிடம் போனில் சொன்னபோது, வீட்டில் யாருக்கு அம்மை போட்டிருக்கிறது என்று பதறிவிட்டாள். இங்கே அம்மை என்றால் அம்மா என்று விளக்க வேண்டியிருந்தது. விளக்கி முடித்ததும், "ஒனக்கு எதுக்குக்கா கடலுக்குள்ள போற கேமரா?" என்றாள். அவளுக்குச் சுருக்கமாகச் சொன்ன பதிலைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

திருவனந்தபுரத்துக்கு வந்து இந்த ஆவணியோடு இருபத்தைந்து ஆண்டுகள் முடிகின்றன. ஆரியசாலையில் பருப்பும் மிளகாய் வற்றலும் மொத்த வியாபாரம் செய்யும் எங்கள் ஊர்க்காரர் கடையில் மேலாளாக என் கணவர் சேர்ந்தார். பின்னாலேயே நானும் வந்தேன். ஊரை விட்டுப் போய் வாழ்வதைப் பற்றித் துபாயிலும் கனடாவிலும் இருப்பவர்கள் எழுதலாம், நாகர்கோவில் தாண்டினால் வந்துவிடும் ஊரைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். பாஸ்போர்ட் தேவைப்படாத தூரம்தான். ஆனால் பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஒரு போர்டைக்கூடப் படிக்க முடியவில்லை என்றால், அது எவ்வளவு தூரம் என்பதைக் கிலோமீட்டரில் சொல்ல முடியாது.

2

நான் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பெரியவரின் கையில் ஊசியைக் குத்திவிட்டு, ஊரில் கேட்பதுபோலவே "வலிக்குதா?" என்று கேட்டேன். "இல்லா மோளே, நிறுத்தி" என்றார். பக்கத்தில் இருந்த பெண் சிரித்துக்கொண்டே விளக்கினாள்: இங்கே வலிப்பது என்றால் பீடி இழுப்பது; அதை விட்டுவிட்டதாகச் சொல்கிறார். அன்று முதல் "வேதனை உண்டோ?" என்று கேட்கப் பழகினேன். எங்கள் ஊரில் வேதனை என்பது ஓர் ஊசிக்குச் செலவழிக்கிற சொல்லில்லை. அதனால் வெகுநாள் வரை ஒவ்வொரு முறை கேட்கும்போதும் கூச்சமாக இருந்தது.

பேச்சைப் பழகிக்கொள்ளலாம். அலுவலகக் காகிதம் அப்படியில்லை. இங்கே எந்த விண்ணப்பத்திலும் வீட்டுப் பேர் எழுத ஓர் இடம் இருக்கும். ஒவ்வொரு குடும்பத்துக்கும் பரம்பரையாக ஒரு வீட்டுப் பேர் உண்டு. எங்களுக்கு வலியசாலையில் ஒரு வாடகை மாடிதான் இருந்தது. அதற்குப் பேர் கிடையாது. மகளைப் பள்ளியில் சேர்க்கப் போனபோது, அந்த இடத்தைக் காலியாக விட முடியாது என்று சொல்லிவிட்டார்கள். வரிசையில் பின்னால் ஆட்கள் நிற்க, என் கணவர் அவசரத்தில் 'கோவில்பட்டி' என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அதுவே பதிவேட்டில் ஏறிவிட்டது.

மலையாளத்தில் பட்டி என்றால் நாய். இது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாதது அல்ல. அந்த நிமிடம் தோன்றவில்லை, அவ்வளவுதான். மூன்றாம் வகுப்பில் ஆசிரியை முழுப் பேரையும் உரக்க வாசித்த அன்று பிள்ளைகள் குரைத்திருக்கிறார்கள். சாயங்காலம் பையைக் கீழே வைத்துவிட்டு, "அந்தப் பேரை மாத்து" என்று மட்டும் சொன்னாள் தேன்மொழி. மாற்றப் போனோம். பிறப்புச் சான்று, அரசிதழில் அறிவிப்பு, வட்டாட்சியர் அலுவலகம் என்று ஒவ்வொரு மேஜையாக அனுப்பினார்கள். கடைசியில் அது நடக்கவில்லை. அவளே பேருக்கு முன்னால் ஒரே ஓர் எழுத்தைப் போட்டுக்கொள்ள ஆரம்பித்தாள். எந்த ஊர் என்று யாராவது கேட்டால், "இவிடெத்தன்னெ" என்பாள். இங்கேதான் என்று பொருள். அது பொய்யும் இல்லை.

பள்ளியில் தமிழ் படிக்கவில்லை. வீட்டில் பேசுவாள், அதிலும் பாதி மலையாளம். கல்லூரிக்குப் போனபின் அந்தப் பேச்சும் குறைந்தது. சண்டை எதுவும் இல்லை. "சாப்பிட்டியா?" "ஆம்." "எப்ப வருவே?" "அறிஞ்ஞூடா." தெரியாது என்று அர்த்தம். அதற்கு மேல் பேச எங்களுக்குள் பொதுவாக ஒன்றும் இல்லாமல் போயிற்று.

3

அவள் எடுத்தது கடல் உயிரியல். ஞாயிற்றுக்கிழமை தோறும் கோவளம் பக்கம் ஒரு முக்குளிப்புக் குழுவோடு படகில் போய், கடலடிப் பாறைகளில் என்னென்ன வாழ்கிறது என்று பார்த்து எழுதுவாள். எனக்கும் விடுமுறை ஞாயிறுதான். ஆக, வாரத்தில் நாங்கள் இருவரும் சும்மா இருக்கக்கூடிய ஒரே நாளில் அவள் கடலுக்கு அடியில் இருந்தாள்.

முழங்கால் வலிக்காக நீந்தச் சொன்னார் மருத்துவர். மாநகராட்சி நீச்சல்குளத்தில் பெண்களுக்கென்று காலையில் ஒரு நேரம் உண்டு. கோவில்பட்டியில் பிறந்தவளுக்கு நீச்சல் என்பது யாரோ செய்கிற காரியம். ஆனாலும் கற்றுக்கொண்டேன். கை கால் பழகிய பிறகு ஒருநாள் சாப்பிடும்போது, "நானும் ஒங்க படகுல வரட்டா?" என்று கேட்டேன். அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

கடல்மீது எனக்கு ஆசை இருந்தது என்று சொன்னால் அது மிகை. அவளோடு இருக்க வேறு வழி தெரியவில்லை.

காற்றுக் கலனை முதுகில் மாட்டி முக்குளிக்க மருத்துவச் சான்று வேண்டும். எங்கள் கூடத்து மருத்துவர் அந்தக் காகிதத்தைப் படித்துவிட்டுப் பேனாவை மூடி வைத்தார். ரத்த அழுத்தம் கொஞ்சம் கூடுதல். உப்பைக் குறைத்து, மாத்திரை போட்டு, மறுபடி மறுபடி போய் நின்று, அழுத்தம் இறங்கிய பிறகுதான் கையெழுத்துக் கிடைத்தது. பயிற்சி கொடுத்தவர் சோபா. நாற்பது வயதிருக்கும், அதிகம் பேசமாட்டார். அவர் என்னைச் சேச்சி என்பார். முதல் நாள் கீழே இறங்கியபோது எனக்குப் பிடித்துப்போனது ஒரு விஷயம்: அங்கே யாரும் பேச முடியாது. எல்லாமே கைச்சைகை. என் உச்சரிப்பைக் கேட்டு எந்த ஊர் என்று யாரும் கேட்க வழியில்லை.

ஆனால் மேலே வந்ததும் படகில் பேச்சு ஆரம்பித்துவிடும். யார் எதைக் கண்டார்கள் என்று ஒரே சத்தம். என்னிடம் பேர்கள் இல்லை. பாறை இடுக்கில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒன்றைப் பார்த்தேன், நீலம், ஓரத்தில் மஞ்சள் கோடு என்றேன். அப்படி ஒன்று இந்தப் பக்கம் இருக்க வாய்ப்பில்லை என்று ஒரு பையன் சொன்னான். தேன்மொழியும் அவன் பக்கம்தான். நாள் முழுக்க நுண்ணோக்கியில் சின்னச் சின்ன அணுக்களை எண்ணிக்கொண்டிருப்பவள் நான். சின்னதைப் பார்ப்பதில் எனக்குத் தப்பு வராது. அன்று படகில் வைத்தே கேமரா வாங்குவது என்று முடிவு செய்தேன்.

4

சோபா உடனே சம்மதிக்கவில்லை. தண்ணீருக்குள் மேலேயும் போகாமல் கீழேயும் போகாமல் ஒரே மட்டத்தில் நிற்கத் தெரியும்வரை கேமரா கூடாது என்றார். நிற்கத் தெரியாதவர் படத்துக்காகப் பாறையைப் பிடிப்பார், அதில் இருக்கும் உயிர்கள் நசுங்கும், சில சமயம் கையும் கிழியும். அந்த மழைக்கு முந்தைய பருவம் முழுவதும், பிறகு மழை விட்டு, அலை அடங்கிக் கடல் படகுகளுக்குத் திறந்தபின்னும் நான் நிற்கத்தான் படித்தேன். ஒருநாள் அவரே, இனி வாங்கலாம் என்றார்.

கேமரா தேர்ந்தெடுப்பதில்தான் எனக்கும் மகளுக்கும் முட்டிக்கொண்டது. ஊரில் யாருக்காவது உதவலாம் என்பதால் தெரிந்துகொண்டதைச் சொல்லிவிடுகிறேன். செல்போனை உறையில் போட்டு இறக்குவது மேல்தண்ணீரில் விளையாடுவதற்குச் சரி. ஆழம் போகப் போகத் தொடுதிரை விரலை மதிக்காது. தலையிலும் கையிலும் மாட்டிக்கொள்ளும் குட்டி வீடியோ கேமராவில் பரந்த காட்சிகள் அருமையாக வரும்; நகம் அளவு உயிரை எடுத்தால் மங்கல்தான். மிச்சம் இரண்டு வகை. உடம்பே தண்ணீர் புகாதபடி செய்த சின்ன கேமரா ஒன்று. சாதாரணச் சின்ன கேமராவை அதற்கென்று செய்த கண்ணாடிக்கூட்டுக்குள் வைத்துப் பூட்டிக் கொண்டுபோவது இன்னொன்று. இரண்டாவதில் படம் இன்னும் நன்றாக வரும், ஒவ்வொன்றையும் நாமே அமைத்துக்கொள்ளலாம். தேன்மொழிக்கு அதுதான் வேண்டும்.

"இது வாங்கினா பின்ன மாத்தவே வேண்டாம்மா. நான் செட் பண்ணித் தாரேன், நீ அமுக்கினா மதி" என்றாள்.

அமுக்குவதற்கு மட்டும் ஓர் ஆள் என்றால் நான் எதற்கு? அதை நான் சொல்லவில்லை. எங்கள் தண்ணீரைப் பற்றி மட்டும் பேசினேன். இந்தப் பக்கத்துக் கடலில் நல்ல நாளில் ஒரு பஸ் நீளம் தெரியும். மோசமான நாளில் நீட்டிய கை தெரியும். தூரத்துக் காட்சிக்கான கேமரா இங்கே வீண். கிட்டே போய் எடுப்பதில் எது நல்லது என்று பார்த்தால் போதும்.

இன்னொரு சங்கடம் என் வயது. வெள்ளெழுத்து. முகமூடிக்குள் மூக்குக்கண்ணாடி போட முடியாது. அதனால் காய்கறிப் பையில் முக்குளிப்பு முகமூடியையும் போட்டுக்கொண்டு போயிருந்தேன். கடைக்காரர் இரண்டு கேமராவையும் மேஜைமேல் வைத்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு முகமூடியை எடுத்து மாட்டினேன்.

"அம்மே, ப்ளீஸ்" என்றாள் மகள், மிக மெதுவாக.

கடையில் இன்னும் சிலர் இருந்தார்கள். ஒருவர் போனைத் தூக்கினார். தேன்மொழி வாசலுக்குப் போய்விட்டாள். எனக்கும் முகம் சுட்டது. ஆனாலும் மாட்டியதைக் கழற்றவில்லை. கூட்டுக்குள் இருந்த கேமராவின் திரையில் எழுத்துகள் எறும்பு மாதிரி ஊர்ந்தன. பொத்தான்களின் மேல் இருந்த குறிகள் ஒன்றும் விளங்கவில்லை. தண்ணீர் புகாத கேமராவில் ஒரே ஒரு பெரிய திருகு. திருகினால் திரையில் பெரிதாக ஒரு படம் வரும். அதில் மிகக் கிட்டே எடுப்பதற்கென்று தனியாக ஒன்று இருந்தது. அதற்குள் கடைக்காரருக்கும் ஆர்வம் வந்துவிட்டது. கடலுக்குள் வெளிச்சம் குறைவாக இருக்குமே என்று அவரே எங்கள் தலைக்கு மேலிருந்த விளக்கை அணைத்துவிட்டு, தன் சட்டைப் பொத்தானைப் பிடித்துக் காட்டி எடுக்கச் சொன்னார். பொத்தானின் நூல் இழை தெரிந்தது. அதையே வாங்கினேன்.

பஸ்ஸில் தேன்மொழி எனக்கு முன் இருக்கையில் உட்கார்ந்துகொண்டாள். இறங்கும் இடம் வரும்போது, "அது பிகினர்ஸுக்குள்ளது" என்றாள்.

"நான் பிகினர்தானேட்டி" என்றேன்.

5

வாங்கியதும் கடலுக்குக் கொண்டுபோகக் கூடாது என்று சோபா சொல்லியிருந்தார். முதலில் மூடிகளின் ரப்பர் வளையத்தில் தூசியோ தலைமுடியோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு முடி போதும், கேமரா போய்விடும். பிறகு வாளித் தண்ணீரில் முக்கிக் குமிழி வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

குளியலறையில் வாளிக்கு முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்தேன். வெண்டைக்காய், மிளகாய் வற்றல், ஒரு பழைய வளையல் எல்லாவற்றையும் தண்ணீருக்குள் போட்டுப் படம் எடுத்துப் பார்த்தேன். ஃப்ளாஷ் போட்டால் தண்ணீரில் மிதக்கும் தூசியெல்லாம் வெள்ளைப் புள்ளியாக விழுந்தது. கடலில் இன்னும் மோசமாக இருக்கும். டார்ச்சைப் பக்கவாட்டிலிருந்து அடித்தால் இது குறையும் என்று படித்திருந்தேன். ஆனால் கை இரண்டுதானே இருக்கிறது.

என் கணவர் வந்து வாசலில் நின்றார். நான் கடலுக்குப் போவதில் அவருக்கு உடன்பாடு கிடையாது. வேண்டாம் என்று ஒரு தரம் சொன்னார்; அதற்கு மேல் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் திரும்பி வரும்வரை கடைக்குள் போகாமல் போனோடு வெளியிலேயே நிற்பார் என்று அங்கே வேலை பார்ப்பவர் ஒருவர் பின்னால் சொன்னார். அன்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே வந்து டார்ச்சை வாங்கிக்கொண்டார். "எங்க அடிக்கணும், சொல்லு" என்றார். வாளியைச் சுற்றிச் சுற்றி வந்து அடித்தார். எந்தப் பக்கத்திலிருந்து அடித்தால் வற்றலின் சுருக்கம் தெரிகிறது என்று கண்டுபிடித்தது அவர்தான். அந்த வற்றல் படத்தை அவர் கடையில் எல்லோருக்கும் காட்டினார்.

6

கடலில் முக்குளிக்கும்போது இரண்டிரண்டு பேராகத்தான் இருக்க வேண்டும். எனக்குத் துணை தேன்மொழி. ஒருவரை ஒருவர் கண்ணில் வைத்திருப்பது முதல் விதி.

கேமராவோடு இறங்கிய முதல் ஞாயிறு தண்ணீர் நடுத்தரம். பாறையை ஒட்டிப் போய்க்கொண்டிருந்தபோது அது இருந்தது. நீலம், மஞ்சள் கோடு, முதுகில் பூப்போல ஒரு கொத்து. ஓடில்லாத கடல் நத்தை என்று இப்போது தெரியும். மூச்சை நிதானப்படுத்தி, பாறையைத் தொடாமல் நின்று, டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து எடுத்தேன். தலை வரவில்லை. மறுபடி எடுத்தேன். அது நகர்ந்தது, நானும் நகர்ந்தேன். நன்றாக வந்தது என்று தெரிந்ததும் மகளுக்குக் காட்டத் தலையைத் தூக்கினேன். யாரும் இல்லை.

எல்லாப் பக்கமும் ஒரே பச்சை. என் மூச்சின் சத்தம் மட்டும் பெரிதாகக் கேட்டது. எனக்கு என்ன ஆகும் என்று தோன்றவில்லை. அவளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதான் தோன்றியது. சுற்றிலும் பார்த்து, காணாவிட்டால் தேடி அலையாமல் மெதுவாக மேலே போக வேண்டும் என்று சோபா பல தடவை சொல்லியிருந்தார். அவளை விட்டுவிட்டுப் போவதுபோல இருந்தது. போனேன். வேகமாகப் போகக் கூடாது. அந்த மெதுவைப்போல் கொடுமை எனக்கு வேறு நேர்ந்ததில்லை.

மேலே வந்தபோது அவள் படகுக்குப் பக்கத்தில் தண்ணீரில் இருந்தாள். அவள் முன்னால் போய்த் திரும்பிப் பார்த்திருக்கிறாள், என்னைக் காணவில்லை. அவளும் விதிப்படி மேலே வந்து, ஒவ்வொரு குமிழியாகப் பார்த்துக்கொண்டு கிடந்திருக்கிறாள். முகமூடியைக் கழற்றி எறிந்துவிட்டுக் கத்தினாள்.

"அம்மய்க்குப் பறஞ்ஞா மனசிலாவில்லே?"

சொன்னால் புரியாதா என்று கேட்கிறாள். என் வாயிலிருந்தும் யோசிக்காமல் வந்தது. "ஞான் இவிடெத்தன்னெ உண்டாயிருந்நு. நீயல்லே போயது?"

நான் இங்கேயேதான் இருந்தேன், போனது நீதானே என்று அர்த்தம். சொன்ன பிறகுதான் அது இன்றைக்கு மட்டும் உள்ள பேச்சில்லை என்று எனக்கே கேட்டது. அவளுக்கும் கேட்டிருக்க வேண்டும். படகில் இருந்தவர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள்.

சோபா எங்கள் இரண்டு பேரையும் ஏற்றிவிட்டு, என் கையிலிருந்து கேமராவை வாங்கித் தன் பையில் வைத்துக்கொண்டார். "குறச்சு நாள் இது வேண்டா, சேச்சி" என்றார். தேன்மொழியைப் பார்த்து, துணையை விட்டு முன்னால் போனது அவளுடைய பிழை என்றும் சொன்னார். கரை வரும்வரை மகள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இறங்கும்போது என் கையைப் பிடித்து இறக்கிவிட்டாள். பஸ் நிறுத்தத்தில், "நீ மலையாளம் நல்லாத்தான் பேசுதே" என்றாள்.

கேமரா இல்லாத அந்த ஞாயிறுகளில் நாங்கள் கைக்கெட்டும் தூரத்தில் நீந்தினோம். அவள் என் மணிக்கட்டைத் தொட்டுத் தொட்டு ஒவ்வொன்றாகக் காட்டினாள். திரும்பும் பஸ்ஸில் அவற்றின் பேர்களைச் சொன்னாள். எங்களுக்குள் பேச ஒன்று வந்துவிட்டது. கேமரா திரும்பி வந்த பிறகும் அந்த வழக்கம் நிற்கவில்லை. படிப்பு முடிக்கும்போது துறையில் அவள் கொடுத்த உரையில் அந்த நீல நத்தையின் படத்தைக் காட்டி, இது என் அம்மா எடுத்தது என்று சொன்னாளாம். சோபா போய்க் கேட்டுவிட்டு வந்து சொன்னார். மகள் வீட்டில் அதைப் பற்றிப் பேசவேயில்லை.

7

மழை தொடங்கிக் கடல் மூடிய சமயத்தில் அவளுக்கு வேலை கிடைத்தது. பவளப்பாறைகளைக் கணக்கெடுக்கும் ஒரு திட்டம், தூத்துக்குடியில். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நம்ம ஊர்ப் பக்கம் என்றேன். "அது ஒன் ஊருதாம்மா" என்றாள். ஒரு பெட்டியோடு போனாள்.

சில வாரம் கழித்துப் போனில் குரல் சரியில்லாமல் இருந்தது. கேட்கக் கேட்கச் சொன்னாள். ஆய்வுப் படகில் கடல் மாதிரிகளை வைக்கும் பெட்டிக்குள் கொஞ்சம் தண்ணீர் கசிந்திருக்கிறது. "அண்ணா, வெள்ளம் கேறுது" என்றிருக்கிறாள். வெள்ளம் என்றால் அவளுக்குத் தண்ணீர். படகுக்காரர்கள் படகு முழுகுகிறது என்று நினைத்து எஞ்சின் பக்கம் ஓடியிருக்கிறார்கள். அன்றிலிருந்து அவள் பேர் மலையாளத்துப் பொண்ணு. தங்கியிருக்கும் வீட்டு அம்மா, கேரளாக்காரியாக இருந்தாலும் தமிழ் நன்றாகப் பேசுகிறாய் என்று பாராட்டியிருக்கிறார். தமிழ் எழுத்துப் படிக்கத் தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டு, ஒருநாள் தப்பான பஸ்ஸில் ஏறி எங்கோ போய் இறங்கியிருக்கிறாள்.

நான் சிரித்துவிட்டேன். அவளுக்குக் கோபம் வந்தது. பிறகு, "நீ இங்க வந்த புதுசுல என்னம்மா செஞ்சே?" என்று கேட்டாள். 'இங்க' என்று அவள் சொன்னது திருவனந்தபுரத்தை.

இருபத்தைந்து வருடத்தில் என்னை யாரும் கேட்காத கேள்வி. முதல் மழைக்காலம் முழுக்க ஜன்னலோரம் நின்று கீழே பெண்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்ததைச் சொன்னேன். காய்கறிக் கடையில் பேர் சொல்லாமல் விரலை நீட்டி வாங்கியதைச் சொன்னேன். படிக்கத் தெரியாமல், பஸ் போர்டில் எழுத்துகளின் வளைவைச் சித்திரம்போல மனதில் வைத்துக்கொண்டு ஏறியதைச் சொன்னேன். அழுததையும் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டாள்.

மறுநாள் காலை ஒரு பஸ் போர்டைப் படம் எடுத்து அனுப்பினாள். என்ன எழுதியிருக்கிறது என்று குரல் பதிவில் சொல்லி அனுப்பினேன். அதற்குப் பிறகு தினமும் ஏதாவது வருகிறது: கறிக்கடைப் பலகை, மருந்துக்கடை அறிவிப்பு, சுவரொட்டி. நேற்று வந்த படத்தில் மரப்பலகையில் சிவப்புச் சாயத்தில் கையால் எழுதிய ஒரு சொல். அதன் கீழே, என்னைக் கேட்காமல், தானாகவே தட்டெழுதியிருந்தாள்: படகுதுறை.

"ஒரு 'த்' விட்டுட்டேட்டி" என்று சொல்லி அனுப்பினேன்.

 பதில் வந்தது. சரியாக எழுதியிருந்தாள்.